நேரே போவதா, நடுவில் இறங்குவதா? ஐரோப்பிய ரயில் பயணத்தில் இடைத்தங்கல் பற்றி முடிவெடுக்கும் வழி

என் தம்பி ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறான். மகள் ஃப்ளாரன்ஸில் படிக்கிறாள். இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே ரயிலில் போய் வருவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டதால், ஐரோப்பாவைச் சுற்ற வரும் உறவினர்கள் எல்லாரும் பயணத் திட்டத்தை என்னிடம்தான் நீட்டுகிறார்கள். அவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் போகிறோம், வழியில் ஓர் ஊரில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமா?"

பயணம் தானாக எங்கே முறிகிறதோ அங்கே இறங்குங்கள், முறியாத இடத்தில் நீங்களாக முறிக்காதீர்கள் என்பதே என் பதில். எப்படியும் ரயில் மாற வேண்டிய ஊர், அதைத் தாண்டினால் நள்ளிரவில்தான் போய்ச் சேர முடியும் என்கிற ஊர், இவைதான் இடைத்தங்கலுக்கு முதல் உரிமை பெற்றவை. வரைபடத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக நேரடி ரயிலிலிருந்து இறங்கினால், கையிலிருக்கும் நல்ல இருக்கையை விட்டுக்கொடுத்து, இன்னொரு டிக்கெட்டுக்குப் பணம் கட்டி, பெட்டிகளை இன்னொரு முறை ஏற்றி இறக்க வேண்டும். பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்கு நேரடி அதிவேக ரயில் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. அதை நான் முறிக்கச் சொல்ல மாட்டேன். நார்போனைத் தாண்டியதும் ரயில் கடலோரக் காயல்களுக்கு நடுவே போகும். தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் அந்தக் காட்சியே போதும். வழியிலுள்ள ஜிரோனாவைப் பார்க்க ஆசையிருந்தால், பார்சிலோனாவில் தங்கிக்கொண்டு கையை வீசி ஒரு பகல் போய் வரலாம். இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஊரைப் போய்ச் சேரும் ஊரிலிருந்தே பகல் பயணமாகப் பார்த்துவிட முடியுமா? முடியுமென்றால் பெட்டிகளோடு நடுவழியில் இறங்குவதற்குக் காரணமே இல்லை.

ஒரே நாளில் எவ்வளவு நேரம் ரயிலில் உட்காரலாம் என்பது ஆளைப் பொறுத்தது. எனக்கு மாற்றங்களையும் சேர்த்து எட்டு மணி நேரம் எல்லை. என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் உடன் வந்தால் அதற்கும் முன்னதாகவே நிறுத்திவிடுவேன். கூட வருபவர்களில் யாருடைய உடம்பு முதலில் தளருமோ அவருடைய எல்லைதான் எல்லாருக்கும் எல்லை. இதில் பேரம் பேசாதீர்கள்.

அடுத்து, நிலையம் ஊரின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஊரின் புகழைவிட இதுவே பெரிய விஷயம். கொலோனில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே பேராலயம் கண்முன் நிற்கும். 1248இல் கட்டத் தொடங்கி 1880இல் முடித்த, 157 மீட்டர் உயரமுள்ள கட்டடம் அது. பார்க்க ஒரு பேருந்துகூட ஏற வேண்டியதில்லை. சூரிக்கில் தேசிய அருங்காட்சியகம் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. வெனிஸின் சான்டா லூசியா நிலையப் படிகளில் நின்றால் எதிரே பெருங்கால்வாய். ஆன்ட்வெர்ப்பில் 1905இல் திறந்த நிலையக் கட்டடமே பார்க்க வேண்டிய ஒன்று. இப்படிப்பட்ட ஊர்களில் மூன்றே மணி நேரம் கிடைத்தாலும் பயன் உண்டு.

பெயரைப் பார்த்து ஏமாற வைக்கும் நிலையங்களும் இருக்கின்றன. டிஜிவி என்பது பிரான்ஸின் அதிவேக ரயில். தெற்கு பிரான்ஸில் அவிஞான் டிஜிவி என்ற நிலையம் பழைய நகரத்துக்குள் இல்லை. அங்கிருந்து அவிஞான் சென்டருக்கு இன்னொரு சிறு ரயில் பிடிக்க வேண்டும். எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் டிஜிவி ஊரை விட்டு வெகு தொலைவில் இருக்கிறது, பேருந்துதான் கதி. நீம் நகரத்துக்கு இரண்டு நிலையங்கள்: ஒன்று ரோமானிய அரங்கிலிருந்து நடக்கும் தூரத்தில், மற்றொன்று ஊருக்கு வெளியே. உங்கள் ரயில் எதில் நிற்கிறது என்று டிக்கெட்டில் பார்க்காமல் அரை நாள் திட்டம் போடாதீர்கள். பிரஸ்ஸல்ஸில் சர்வதேச ரயில்கள் பெரும்பாலும் மிடி நிலையத்துக்கு வரும், ஆனால் ஊரின் மையத்திலுள்ள பெருஞ்சதுக்கம் (கிராண்ட் பிளாஸ்), சென்ட்ரல் நிலையத்திலிருந்துதான் நடக்கும் தூரம். நடுவே ஓர் உள்ளூர் ரயில், சில நிமிடங்கள்தான், தெரிந்திருந்தால் சிரமமில்லை.

பாரிஸ் தனிக் கதை. லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வருகிறவர்கள் கார் து நோர் நிலையத்தில் இறங்குவார்கள். சுவிட்சர்லாந்து, தெற்கு பிரான்ஸ், பார்சிலோனா ரயில்கள் கார் து லியோனிலிருந்து புறப்படும். ஸ்ட்ராஸ்பர்க், ஸ்டுட்கார்ட் பக்கம் போகிறவை கார் து லெஸ்டிலிருந்து. நோரிலிருந்து லெஸ்டுக்குப் பத்து நிமிடம் நடந்தால் போதும். நோரிலிருந்து லியோனுக்கு ஆர்இஆர் டி என்ற புறநகர் ரயிலில் இரண்டே நிறுத்தம்தான். ஆனால் பெட்டி, படிக்கட்டு, கூட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஒதுக்குவதே நல்லது. பயணம் இயல்பாக முறியும் ஊர்தான் இது. ஆனாலும் நான்கைந்து மணி நேரத்துக்கு பாரிஸில் இறங்கிச் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள்; அவ்வளவு நாள் இல்லையென்றால் நிலையம் மாறிக் கடந்து போய்விடுங்கள். அரை நாளுக்கு மனத்தை நிறைக்கும் ஊர் வேண்டுமானால், பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் ஸ்ட்ராஸ்பர்க் இருக்கிறது. நிலையத்திலிருந்து கால் மணி நேரம் நடந்தால் நதி சூழ்ந்த பழைய நகரத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள பேராலயம் 142 மீட்டர். 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயரமான கட்டடமாக இருந்தது. ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து நூரம்பர்க் வழியாக மியூனிக் போகிறவர்களுக்கு வுர்ஸ்பர்க்கும் அப்படித்தான். அங்குள்ள அரண்மனைப் படிக்கட்டின் மேல்விதானத்தில் இத்தாலிய ஓவியர் தியப்போலோ தீட்டிய சுவரோவியத்தைப் பார்க்க இருபது நிமிடம் நடந்தால் போதும். இடைத்தங்கலுக்குப் பெருநகரங்களைவிடச் சிறு நகரங்களே ஏற்றவை. அவற்றை ஓர் அரை நாளில் நிறைவாகப் பார்த்துவிட முடியும்.

நேரக் கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு ரயில்களுக்கு நடுவே நான்கு மணி நேரம் இருக்கிறது என்று வையுங்கள். இறங்கி லாக்கர் தேடிப் பெட்டியை வைக்க அரை மணி. அடுத்த ரயிலுக்கு முன்பாகத் திரும்பி, பெட்டியை எடுத்து, நடைமேடைக்கு வர அரை மணி. ஊருக்குள் போகவும் வரவும் அரை மணி. மிஞ்சுவது இரண்டரை மணி. அதில் சாப்பாடும் உண்டு. ஆகவே நான்கு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் நிலைய வாசலிலேயே ஏதாவது இருக்கும் ஊரில் மட்டும் வெளியே போங்கள். ஐந்திலிருந்து ஏழு மணி நேரம் வரை இருந்தால் ஓர் அருங்காட்சியகம் அல்லது ஒரு பழைய நகரம், இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலென்றால் இரவு தங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரவு தங்கல் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று தூங்குவதற்கான தங்கல், மற்றது ஊரைப் பார்ப்பதற்கான தங்கல். மாலை ஏழு மணிக்கு வந்து காலை எட்டு மணிக்குக் கிளம்புவது முதல் வகை. அதற்கு நிலையத்துக்கு எதிரிலுள்ள விடுதி போதும்; ஊர் எதுவாக இருந்தாலும் சரி, அழகான ஊருக்கு அதிகப் பணம் தர வேண்டாம். ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு முழுப் பிற்பகலாவது கிடைக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு வந்து மறுநாள் பன்னிரண்டுக்குக் கிளம்புவது எனக்கு மிகவும் பிடித்த வடிவம். பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் அறை தருவார்கள், ஆனால் பெட்டியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் லாக்கர் செலவும் இல்லை. தூங்குவதற்கு மட்டும் தங்கும் ஊரில் சுற்றிப் பார்க்கும் பட்டியல் போட்டால், ஊரும் கிடைக்காது, தூக்கமும் கிடைக்காது.

எந்த மாதம் என்பதையும் மறக்காதீர்கள். ஜூனில் மியூனிக்கில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதே ரயில், அதே நேரம், ஆனால் கையில் கிடைக்கும் ஊர் வேறு. கிழமையும் அப்படியே. ஐரோப்பாவில் நிறைய அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்கோ செவ்வாய்க்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். பெரிய நிலையங்களுக்குள் இருப்பவை மட்டும் திறந்திருக்கும். மிலானில் லியோனார்டோ டா வின்சியின் 'கடைசி விருந்து' ஓவியத்தைக் காண கால் மணி நேரம்தான் தருவார்கள், அதற்கும் வெகு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு கிடைத்த பிறகே மிலானில் இறங்குவதை உறுதி செய்யுங்கள்.

இனி டிக்கெட். பணம் வீணாவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, இதாலோ, யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்களில் டிக்கெட் என்பது ஒரு குறிப்பிட்ட ரயிலின் ஒரு குறிப்பிட்ட இருக்கை. நடுவில் இறங்கிவிட்டு மாலையில் இன்னொரு ரயிலில் அதே டிக்கெட்டோடு ஏற முடியாது. அங்கே இடைத்தங்கல் என்றால் இரண்டு தனி டிக்கெட்டுகள்தான். முன்கூட்டி வாங்கினால் சில சமயம் இரண்டும் சேர்ந்து ஒரே டிக்கெட்டின் விலைக்கே வரும், சில சமயம் எங்கோ போய்விடும். இரண்டையும் விலை பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஜெர்மன் ரயில்வேயின் இணையதளத்தில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. பயணத்தைத் தேடும்போதே இடையில் ஒரு நிறுத்தத்தைச் சேர்த்து, அங்கே எவ்வளவு நேரம் இருக்கப் போகிறீர்கள் என்றும் குறிப்பிடலாம். ஆம்ஸ்டர்டாமிலிருந்து மியூனிக்குக்குத் தேடும்போது கொலோனில் நான்கு மணி நேரம் என்று போட்டால், அதையும் உள்ளடக்கி ஒரே டிக்கெட்டாகக் காட்டும். இறங்காமல் போகும் பயணத்தின் விலையும் இதன் விலையும் பல சமயம் ஒட்டியே இருக்கும். மலிவு டிக்கெட்டாக இருந்தாலும் கவலையில்லை. குறித்த ரயில்களில் போனால் போதும்.

சுவிட்சர்லாந்தில் சாதாரண டிக்கெட் வாங்கினால் அது செல்லும் நாளுக்குள், அதே வழித்தடத்தில், எங்கு வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். தள்ளுபடி விலை டிக்கெட்டுக்கு மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. இத்தாலியின் வட்டார ரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலைதான். அதனால் இடைத்தங்கலுக்குப் பிந்திய பகுதியை வட்டார ரயிலில் வைத்தால், அருங்காட்சியகத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதில்லை. காகித டிக்கெட்டை நடைமேடை அருகிலுள்ள இயந்திரத்தில் முத்திரை இட்ட பிறகே ஏறுங்கள்.

பாஸ் வைத்திருந்தால் கணக்கு மாறுகிறது. ஐரோப்பாவில் வசிப்போருக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருவோருக்கு யூரெயில். ஒரு மாதத்துக்குள் இத்தனை பயண நாட்கள் என்று வாங்கும் பாஸில், பயண நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. அந்த நாளுக்குள் எத்தனை ஊர்களில் இறங்கி ஏறினாலும் கூடுதல் செலவில்லை. ஆனால் இரவு தங்கி மறுநாள் கிளம்பினால் இன்னொரு பயண நாள் கழிந்துவிடும். ஆகவே பாஸ்காரர்களுக்குப் பகல் இறக்கம் லாபம், இரவுத் தங்கல் செலவு. பிரான்ஸ், இத்தாலி அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி; அங்கே நடுவில் இறங்கினால் அதையும் இரண்டு முறை கட்ட வேண்டும்.

தாமதத்தைப் பற்றிப் பேசாமல் இந்த முடிவை எடுக்க முடியாது. 2024இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன. இணைப்பு ரயில்கள் அடுக்கடுக்காக இருக்கும் நீண்ட நாளில், ஒன்று தவறினால் கடைசி ரயிலும் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பயணிகள் உரிமைச் சட்டப்படி, முழுப் பயணத்துக்கும் ஒரே தொடர் டிக்கெட்டாக இருந்தால், இணைப்பு தவறும்போது அடுத்த ரயிலில் உங்களைக் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. சேரும் நேரம் ஒரு மணி தள்ளிப்போனால் கட்டணத்தில் கால் பங்கும் இரண்டு மணி தள்ளிப்போனால் பாதியும் கேட்கலாம்; சூறாவளி, பெருவெள்ளம் போன்ற அசாதாரண நிலைமைகளுக்கு இழப்பீடு பொருந்தாது. வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. தவறிய ரயிலின் டிக்கெட் போனதுதான். இரவுத் தங்கலின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். முதல் நாள் ரயில் இரண்டு மணி தாமதமானாலும் மறுநாள் காலை ரயிலுக்கு ஒன்றும் ஆகாது. தனித்தனி டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும் என்றால், இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவை வையுங்கள்.

இரவு ரயில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. காலையில் ஓர் ஊரில் இறங்கி, பெட்டியை லாக்கரில் வைத்துவிட்டு, நாள் முழுக்கச் சுற்றி, இரவு அங்கிருந்தே படுக்கை ரயில் ஏறுவது. வியன்னா இதற்கு மிகப் பொருத்தம். தலைமை நிலையத்திலிருந்து யு1 மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம் பேராலயச் சதுக்கம். ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியம் இருக்கும் பெல்வடேர் மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். இரவு சூரிக்குக்கோ ரோமுக்கோ நைட்ஜெட் என்ற படுக்கை ரயில் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க நடந்தபின் குளிக்க இடமில்லாமல் ரயிலேறுவது எல்லாருக்கும் ஒத்துவராது. என் மாமியாரோடு போகும்போது இதை நான் யோசிப்பதே இல்லை.

பெட்டிகளுக்கு: ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவின் பெரிய நிலையங்களில் லாக்கர்கள் எளிதாகக் கிடைக்கும். இத்தாலியில் பல நிலையங்களில் ஆள் நின்று வாங்கி வைக்கும் அறைகள்தான், அவற்றுக்குத் திறந்திருக்கும் நேரம் உண்டு. திறப்பதும் மூடுவதும் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்குள்ளும் ரயிலில் சோதனை வரும்.

விசா எடுத்து வருபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். நெதர்லாந்தில் நுழைந்து அங்கே நான்கு இரவு, இத்தாலியில் நான்கு இரவு என்று திட்டமிட்டவர், இத்தாலியின் வெரோனாவில் ஓர் இரவைக் கூட்டினால் விண்ணப்பிக்க வேண்டிய இடமே மாறிவிடும். எனவே விண்ணப்பிப்பதற்கு முன்பே இடைத்தங்கலைத் தீர்மானித்துவிடுங்கள்.

இவையெல்லாம் சேர்ந்து எப்படி ஒரு முடிவாகின்றன என்பதற்கு எங்கள் வழித்தடத்தையே சொல்கிறேன். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு நேரடி ரயில் கிடையாது. கொலோன் அல்லது ஃப்ராங்க்ஃபர்ட், பிறகு மியூனிக், பிறகு ஆல்ப்ஸைத் தாண்டி வெரோனா அல்லது போலோன்யா. மியூனிக் வரவே ஒரு பகல் போய்விடும். அதற்கு மேல் அன்றே தொடர்வது வீண் முயற்சி. ஆக, பயணம் முறிவது மியூனிக்கில். கொலோனில் நான்கு மணி நேரம் இறங்கினால் மியூனிக் போய்ச் சேர இரவாகிவிடும், ஆனால் அது தூங்குவதற்கான தங்கல்தானே, பரவாயில்லை. மாமியார் உடன் வரும்போது கொலோனை விட்டுவிட்டு, மாலையிலேயே மியூனிக் சேர்ந்து அவரை ஓய்வெடுக்க விடுவேன்.

மறுநாள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மியூனிக்கிலிருந்து காலை ரயிலில் கிளம்பினால் இன்ஸ்ப்ரூக் தாண்டி, ஏறத்தாழ 1370 மீட்டர் உயரத்திலுள்ள பிரென்னர் கணவாயைப் பகல் வெளிச்சத்தில் கடக்கலாம். சுமார் நான்கு மணி நேரத்தில் போல்சானோ. நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில், 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த ஊட்ஸி என்ற மனிதரின் உடல் இருக்கிறது. குளிர்அறைக்குள் வைத்து ஒரு சிறு ஜன்னல் வழியாகக் காட்டுகிறார்கள். அவர் அணிந்திருந்த தோலாடை, காலணி, செம்புக் கோடரி எல்லாம் தனியாக இருக்கின்றன. மாமியார் அந்தக் காலணிக்கு முன்னால் நெடுநேரம் நின்று, புல்லைத் திணித்து முடைந்த விதத்தை எனக்கு விளக்கினார். அங்கிருந்து வட்டார ரயிலில் வெரோனா, பிறகு அதிவேக ரயிலில் ஃப்ளாரன்ஸ். இரவுச் சாப்பாட்டுக்கு மகளிடம் போய்விடலாம். மியூனிக்கில் ரோம் நைட்ஜெட்டைப் பிடித்தாலும் ஃப்ளாரன்ஸ் வரும்தான், ஆனால் விடிகாலையில் இறங்க வேண்டும், பிரென்னரையும் இருட்டில் கடந்துவிடுவோம். அதனால் அதை நான் தேர்ந்தெடுப்பதில்லை.

பதிவு செய்யும் வரிசை: முதலில் மலிவு விலை சீக்கிரம் தீர்ந்துபோகும் நீண்டதூர ரயில்கள், அடுத்து ரத்து செய்யக்கூடிய விடுதி அறை, கடைசியில் நாள் குறித்த அருங்காட்சியக நுழைவு. மிலான் ஓவியம் போன்ற அரிய அனுமதி மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால். கால அட்டவணை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் நடுவில் மாறும். பாதைப் பணிகளும் பெரிதாக நடக்கின்றன. 2024இல் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் நடுவேயான பாதையை ஜூலை முதல் டிசம்பர் வரை மூடியே வைத்திருந்தார்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா ரயில்களையும் மறுபடி சரிபாருங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் மட்டும் எந்த ஊர் அழைத்தாலும் நடுவில் இறங்காமல், விமானம் ஏறும் ஊருக்கே நேராகப் போய் அங்கே தூங்குங்கள்.